பக்கத்தில் விட வேண்டிய இடம்

ஸ்வர்ணலதா அக்கா எந்த வாசலுக்குள் நுழைவதானாலும் ஒரு நொடி நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார். ரேஷன் கடையின் சன்ஷேட், கல்யாண மண்டபத்து முகப்பு, பஸ் ஸ்டாண்டில் தகரம் போட்ட டீக்கடை, எல்லா இடத்திலும் அப்படித்தான். கோயில் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தவர்கள் கோபுரத்தைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது கோபுரத்துக்கு அடியில் ஓடும் விரிசலை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, தறிக்கு வேண்டிய பட்டைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் வேலைக்கு அவர் வீட்டுக்குத்தான் போனேன். தார் சுற்றுவது என்போம். ராட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கும் யாருடனும் பேச வராது. அதனால் இந்த வழக்கத்தைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன்.

தெருவில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். "இன்னாக்கா, மேல ஏரோபிளேன் போவுதா?" என்று எதிர்வீட்டு ரேணுகாதேவி கேட்பார். "மேலயே பாத்துகினு நட, கீழ நாய் படுத்துகினு இருக்குது" என்று இன்னொருத்தர் சொல்வார். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் கணவருடைய அண்ணன், அப்போது எல்லாரும் ஒன்றாக இருந்த வீட்டில், பழைய சுவரின் மேலேயே ஒரு மாடி எழுப்பினார். யாரையும் கேட்கவில்லை, எந்த அனுமதித் தாளும் வாங்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் அந்த மாடியின் சன்ஷேட் பெயர்ந்து விழுந்தது. கீழே நின்று இட்லி தின்றுகொண்டிருந்த அக்காவின் மூத்த பையன் போய்விட்டான். நான்கு வயது. கையில் இருந்த கிண்ணத்துக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை. பிறகு கணவர் பெங்களூரில் விசைத்தறி வேலைக்குப் போனார், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்காவுக்கு மிஞ்சியது பாகத்தில் வந்த இந்த ஒடுக்கமான வீடும், லாவண்யா என்ற பெண்ணும், காலைக் குழிக்குள் விட்டு நெய்யும் ஒரு குழித்தறியும்.

வீடு ரயில் பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் தறி, நடுவில் பாய் விரிக்கும் இடம், பின்னால் அடுப்பு. இரண்டு பக்கச் சுவரும் பொதுச் சுவர். எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். வடக்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் ஹேமநாத்தின் பாட்டன் வீடு. ஹேமநாத் பட்டு வியாபாரக் குடும்பம். சென்னையில் படித்து, அங்கேயே கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பாட்டன் வீட்டோடு அடுத்த வீட்டையும் வாங்கிச் சேர்த்து, இரண்டையும் இடித்துவிட்டு, தெருமுனையில் ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார். கீழே கார் நிறுத்தும் இடம், அதற்குமேல் நான்கு மாடி, லிஃப்ட், ஒவ்வொரு பால்கனியிலும் பூந்தொட்டி. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனாள்.

"இதுல நம்ம தெரு எங்கடா கீது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"நாய் நிக்குது பாரு, அதுதான்" என்றார் எழிலரசன். அவர் தெருச் சங்கத்தின் செயலாளர். அவரும் நெசவாளிதான்.

கட்டலாமா கூடாதா என்று பேச சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். லாவண்யாவோடு நானும் பின்னால் நின்றேன். ஹேமநாத் கத்திப் பேசுகிறவர் இல்லை. எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஊரு இப்படியே பக்கத்துல பக்கத்துல போய்க்கினே இருந்தா போளூர் ரோடு, சேத்துப்பட்டு ரோடு எல்லாப் பக்கமும் வயல் காலியாயிடும்ங்க. மேல போனாத்தான் வயல் மிஞ்சும். நான் தருமத்துக்குக் கட்டல, வியாபாரத்துக்குத்தான் கட்றேன். ஆனா உங்க பசங்க கல்யாணம் ஆனதும் எங்க போறாங்க? ஸ்ரீபெரும்புதூருக்கு. இங்கயே வூடு இருந்தா இங்கயே இருப்பாங்க இல்ல?"

"அது நியாயம்" என்று பல குரல் எழுந்தது.

ரேணுகாதேவி எழுந்தார். "என் பையனுக்கு எத்தனையோ இடத்துல பொண்ணு பாத்தாச்சு. வர்றவங்க தறியப் பாக்கறாங்க. தறிக்குப் பக்கத்துல சுருட்டி வச்ச பாயப் பாக்கறாங்க. காபியக் குடிச்சிட்டு எழுந்து போய்க்கினே இருக்காங்க. கதவு சாத்தறதுக்கு ஒரு ரூம் இல்லாத வூட்டுக்கு எவ வருவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்த வீடுகளிலும் அதே கதைதான். அவர் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். எழிலரசனும் கட்டியிருந்தார்.

அப்போது ஸ்வர்ணலதா அக்கா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"கட்டு தம்பி. நான் வேணான்னு சொல்லல. உன் பிளான்ல என் சுவத்தாண்ட இடம் வுட்டு வரைஞ்சிருக்குதாமே. வரைஞ்சத வுட்டுட்டுக் கட்டு. அவ்ளோதான் நான் கேக்கறது."

ஹேமநாத் சிரித்தார். "அக்கா, ரூல் சொல்ற மாதிரி ரெண்டு பக்கமும் வுட்டா நடுவுல நிக்கறது பில்டிங் இல்லக்கா, பஸ்ஸு. இந்த ஊர்ல எவன் வுட்டிருக்கான், நீங்களே சொல்லுங்க. வரையறது ஒண்ணு, கட்றது ஒண்ணு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"என் சுவரு சேத்துல வச்ச செங்கல்லுப்பா. நீ அதுங்காலாண்ட தோண்டினா அது எதுமேல நிக்கும்?"

"வேலூர்லேருந்து இன்ஜினியர் வர்றாரு" என்றார் எழிலரசன். "அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. அதனாலதான் இடம் வுடச் சொல்றேன்."

ரேணுகாதேவி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "அது ஒண்ணும் இல்லங்க. புள்ளய வாரிக் குடுத்ததுலேருந்து அதுக்கு எல்லா வூடும் இடிஞ்சி வுழற மாதிரியே இருக்குது. வைத்தியம் அதுக்குப் பாக்கணும். தெருவுக்கு இல்ல."

சிரிப்பு பெரிதாக இல்லை, ஆனால் அறை முழுவதும் பரவியது. அன்றைக்கு அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் ரேணுகாதேவியும் ஒருவர். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கதவருகே வந்து, நின்று, நிலைக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் லாவண்யா எழுதிக் கொடுக்க, அக்கா நகராட்சியில் ஒரு புகார் மனு போட்டார். அதிகாரி வந்து அளந்து பார்க்கும்வரை அஸ்திவாரம் தோண்டக் கூடாது என்று வேலை நின்றது. ஜேசிபி தெருமுனையில் சும்மா நின்றது. ஹேமநாத் அக்காவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எதிரே பார்த்தால் வணக்கம் வைத்தார். பேசாமல் போனது தெருதான். ரேணுகாதேவியின் பையனுக்கு ஒரு இடம் கூடிவந்திருந்தது. பெண் வீட்டார், வீடு எப்போது தயாராகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் அக்காவின் குடம் வரிசையிலிருந்து கடைசிக்குப் போனது. கோலம் போடும் நேரத்தில் அவர் வாசலை விட்டுவிட்டு இருபக்கமும் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பாவு வந்தது.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி கொடுத்து, காய்வதற்குள் ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்தவற்றை முடிந்து, மூங்கில் குச்சிகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக் கைகள் போதாது. இரண்டு முனையிலும் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும், இரண்டு பக்கமும் இழை பார்க்க ஆள் வேண்டும். இதற்கு எங்கள் தெருவில் கூலி கிடையாது. பாவு நீட்டும் சத்தம் கேட்டால் பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். பாவுக்குச் சொந்தக்காரர் பொங்கலும் காபியும் கொடுப்பார். சண்டை போட்டுப் பேச்சு நின்ற அண்ணன் தம்பிகூட எதிரெதிரே நின்று பாவு பிடிப்பார்கள், பேசாமல்.

அக்கா முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் "சரிக்கா" என்றார்கள்.

காலையில் அக்கா, லாவண்யா, நான். முளைகளை அடித்து, பாவை நீட்டினோம். கருநீலப் பட்டு. ஒரு வியாபாரி அவரை நம்பிக் கொடுத்தது. அந்தப் பாவு கெட்டால் இந்த வீட்டுக்கு இனி எந்த வியாபாரியும் பட்டு தர மாட்டார். அக்கா கஞ்சி கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு நிறுத்த முடியாது.

யாரும் வரவில்லை.

கதவுகள் சாத்தியிருக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. எல்லாக் கதவும் திறந்திருந்தன. ரேணுகாதேவி தன் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழிலரசன் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் பேப்பர் படித்தார்கள். தெரு முழுவதும் ஆள் இருந்தது.

"தம்பி, வாங்கப்பா, காயுது" என்று அக்கா கூப்பிட்டார்.

"இதோ வரேங்க்கா" என்றார் ஒருவர். பக்கத்தைத் திருப்பினார்.

லாவண்யா ஒரு முனையைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். நான் இழை பிரித்தேன். ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே போனால் மறுபக்கம் ஒட்டியது. நடுவில் பாவு தொய்ந்து, ஒரு சைக்கிள்காரன் வந்து நின்று மணி அடித்தான். வெயில் எதிர்வீட்டு ஓட்டிலிருந்து இறங்கி, பாவின் ஓரத்தைத் தொட்டது. அக்கா அறுந்த இழையை முடியப் போய் இன்னொன்றை அறுத்தார்.

"எழிலு" என்றார். குரல் மாறியிருந்தது. "வாயேன்பா."

எழிலரசன் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "வர்றதுக்கு இன்னாக்கா. வரலாம். ஹேமநாத்து காலையிலேருந்து பேஜார் பண்றாரு. ஜேசிபிக்காரன் வேற வேலைக்குப் போறேன்றானாம். இன்னிக்கு ஒரு பதில் சொல்லணுமாம். நான் இன்னான்னு சொல்றது?"

அக்கா பாவைப் பார்த்தார். கடைசிவரை நீண்டு கிடந்தது. வெயில் பாதி அகலத்துக்கு வந்துவிட்டது.

"சொல்லு. தோண்டிக்கச் சொல்லு."

"மனு?"

"ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிடறேன். வாப்பா, ஜல்தியா வா."

எழிலரசன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கையைத் தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தெரு நிறைந்துவிட்டது. பேப்பரை மடித்துவிட்டு வந்தார்கள். லாவண்யாவின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து இரண்டு ஆண்கள் இழுத்துப் பிடித்தார்கள். பழகிய கைகள். இழைகள் அவர்கள் தொட்டதும் பிரிந்தன. கீரையைத் தட்டோடு வைத்துவிட்டு ரேணுகாதேவி வந்து எனக்கு எதிரே நின்று, பிரித்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா பொங்கல் சூடா துன்னுருக்கலாம் இல்லக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். பாவு தப்பியது. அக்கா எல்லாருக்கும் பொங்கல் வைத்தார். ரேணுகாதேவி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று மத்தியானம் லாவண்யா தாயை விடவில்லை. "ஏம்மா ஒத்துக்கினே? ஒரு பாவு போனா போவட்டுமே."

"பாவு இன்னிக்கே போயிடும்டி" என்றார் அக்கா. "சுவரு என்னிக்கோதானே."

வேறு ஊரில், வேறு தொழிலில் இருப்பவர்கள் இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். நாங்கள் காய்வதற்குள் பார்க்கிறவர்கள்.

அளக்கிற அதிகாரி டேப்போடு வந்தபோது, எனக்கு ஆட்சேபணை இல்லைங்க என்று அக்கா சொன்னார். அவரும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, ஹேமநாத் வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார். ஜேசிபி வந்தது. அக்காவின் சுவருக்கு ஒட்டியே தோண்டினார்கள். அக்கா தறியில் உட்கார்ந்திருக்கும்போது குழியில் இருந்த அவர் கால்களுக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப்புறம், இயந்திரம் மண்ணைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அக்கா அடிக்கொரு தரம் நெய்வதை நிறுத்தி, மேலே உத்தரத்தைப் பார்ப்பார். உத்தரம் அப்படியே இருந்தது.

அந்தப் பாவில் மூன்று புடவை. இரண்டை அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது பாதியில் இருந்தபோது விடாமல் மழை பெய்தது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், அக்காவும் நானும் பின்னால் அடுப்பருகே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே இருந்து எதுவும் விழவில்லை. சுவரின் கால் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் போனது. அதன் பின்னால் சுவர் போனது. அதன்மேல் நின்ற உத்தரமும் ஓடுகளும் தறியின் மேல் உட்கார்ந்தன. அக்கா சோற்றுக் கையோடு எழுந்து நின்று, கூரை இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தார். மழை அவர் முகத்தில் விழுந்தது.

யாருக்கும் அடி இல்லை. தெரு ஓடி வந்தது. எழிலரசனும் ரேணுகாதேவியின் பையனும் ஓடுகளைத் தூக்கி, தறியிலிருந்து பாவை வெட்டி எடுத்தார்கள். கருநீலம் சேற்றில் எந்த நிறம் என்றே தெரியவில்லை.

"நல்ல காலம், உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ரேணுகாதேவி. "நம்ம வூடுங்க எல்லாம் எவ்ளோ மோசமா இருக்குது பாத்தீங்களா? இதுக்குத்தான் புதுசு வேணும்ன்றது."

சுவர் பழையது, தானாக விழுந்தது என்று முடிவானது. அடுத்த வாரமே அக்காவின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இடிந்து விழும் நிலையில் உள்ள ஆபத்தான கட்டடம், உரிமையாளர் தன் செலவில் இடித்து அகற்ற வேண்டும். அக்கா மனு போட்டபோது அளக்க வர எத்தனையோ நாள் ஆனது, இந்த நோட்டீஸ் சீக்கிரம் வந்தது. மிச்சத்தை ஹேமநாத்தின் ஜேசிபியே ஒரு காலையில் இடித்துக் கொடுத்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று அக்கா நினைத்தார். வரைபடம் போடுகிறவரிடம் போனோம். அவர் அளவைக் கேட்டார், கால்குலேட்டரைத் தட்டினார், பிறகு பேனாவை மூடிவிட்டார். "இவ்ளோ ஒடுக்கமான இடத்துல ரூல்படி பக்கத்துல வுட்டா, நடுவுல ஒரு ஆள் படுக்கலாம்மா. அப்ரூவல் வராது."

"யாருமே வுடறதில்லன்னாங்களே சார்."

"அது பெரிய பில்டிங்குங்க. உங்களுக்கு இப்ப ஒரு நோட்டீஸ் ஃபைல் இருக்குது இல்ல? ஒவ்வொண்ணும் பாப்பாங்க."

அதற்குள் பக்கத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. நான்கு மாடியும் முடிந்து, பால்கனிக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. வேலை முடிந்ததற்கான சான்றிதழ் வாங்கும்போது ஹேமநாத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கரண்ட் இணைப்பு வராது. பக்கத்தில் விட வேண்டிய இடம் எங்கே என்று கேட்டார்கள். புதிதாக வந்த அதிகாரி இளநீர் குடிக்கிறவர் இல்லை போலிருக்கிறது.

ஹேமநாத் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடிந்த பிறகு அக்காவும் லாவண்யாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து, மிகவும் தன்மையாகப் பேசினார்.

"அக்கா, அந்த இடத்த வச்சிகினு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? கட்ட முடியாது. எனக்கு எழுதிக் குடுங்க. லாவண்யா கல்யாணத்த நான் பாத்துக்கறேன். நீங்க இருக்கறதுக்கு மொட்டை மாடியில ஒரு ரூம் போட்டுத் தரேன். உயிரோட இருக்கறவரைக்கும் உங்களுது. நான் அந்த இடத்துல ஒரு செங்கல்லுகூட வைக்க மாட்டேன். காலியாவே வுட்டுடுவேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "காலியாவா?"

"ரூல்க்கா. வுட்டுத்தான் ஆவணும்."

அக்கா அவர் குடித்து வைத்த செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இதத்தானே தம்பி நான் கேட்டேன்" என்றார்.

"ஆமாங்க்கா" என்றார் ஹேமநாத். அவர் முகத்தில் கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே அது நினைவில் இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது லாவண்யா வெம்பாக்கம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். கல்யாணத்தை ஹேமநாத் சொன்னபடி நடத்திக் கொடுத்தார். ரேணுகாதேவி இரண்டாவது மாடியில் இருக்கிறார், கதவு சாத்தும் அறை இரண்டு இருக்கிறது, மருமகள் வந்துவிட்டாள். கட்டடத்துக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அக்காவின் வீடு இருந்த இடம் சிமென்ட் போட்டுக் காலியாக இருக்கிறது. தறிக்குழி இருந்த இடத்தில் ஒரு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், அளக்க வரும்போது தள்ளிவிடுவார்கள்.

ஸ்வர்ணலதா அக்கா மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்கும் நடுவில் ஒரு தகர அறையில் இருக்கிறார். அங்கே குழித்தறி போட முடியாது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுகிறார். அந்த அறை கட்டடத்தின் பிளானில் இல்லை. அதற்குக் கதவு எண்ணோ வரி ரசீதோ கிடையாது. அதிகாரிகள் வருகிறார்கள் என்று கீழேயிருந்து போன் வந்தால், அவர் அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கி, அவர்கள் போகும்வரை தெருவில் எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பப் போகும்போது லிஃப்டில் ஏற மாட்டார். படிக்கட்டு வாசலில் நின்று, நான்கு மாடியையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.